மின்மானியும் மக்களும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை நிலப்பட்டையில், களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே, கோட்டைக்கல்லாற்றை அடுத்து அமைந்துள்ளது பெரியகல்லாறு. வாவி கடலோடு கலக்கும் இரு வாய்களுள் ஒன்று இப்பகுதியிலேயே உள்ளது. மட்டக்களப்பையும் கல்முனையையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஊரின் ஊடாகச் செல்கிறது. அச்சாலையின் இரு மருங்கிலும், உள்ளொழுங்கைகளிலும் உள்ள வீடுகளை நோக்குவோமாயின், மாடி வீடாயினும் தகரக் கூரையிட்ட சிறு வீடாயினும், அதன் முன்சுவரில் ஒரு சிறு பெட்டி தொங்குவதைக் காண்போம். முத்திரையிட்டு மூடப்பட்ட பெட்டி அது. வீட்டின் சுவரில் இருப்பினும் வீட்டாருக்கு அதைத் திறக்கும் உரிமை இல்லை. அதுவே மின்மானி.

கவியும் கதையும் வர்க்கப் போராட்டமும் பேசும் ஒரு சஞ்சிகையில் மின்மானியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் வினவக்கூடும். மாதந்தோறும் ஒரு குடும்பத்தின் வருவாயில் எத்துணைப் பங்கு வெளியேற வேண்டும் என்பதை நிர்ணயிக்கின்ற கருவி அது. மாணவன் இரவில் படிக்கும் விளக்கு எரியுமா அணையுமா என்பதையும் அதன் இலக்கங்களே தீர்மானிக்கின்றன. அளவுகோல்களின் சரித்திரத்தை ஆராய்ந்தோர், அதனூடே ஆள்வோர் ஆளப்படுவோர் உறவின் சரித்திரத்தையே கண்டனர். ஆகவே நாம் கேட்கும் கேள்வி இதுதான்: இந்தப் பெட்டி யாருக்காக அளக்கிறது? அதன் முகம் யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

களவெட்டியில் மரைக்கால்

இக்கேள்வி நமது பிரதேசத்துக்குப் புதியதன்று. மட்டக்களப்பின் வயல் நிலங்களில் போடியாரும் முல்லைக்காரரும் களவெட்டியில் எதிரெதிரே நின்ற காலமெல்லாம் இக்கேள்வி அங்கு நின்றது. சூடு மிதித்து, நெல் தூற்றி, பொலி குவிந்த பின்னர் வருவது அளவை. மரைக்காலைக் கோலியெடுக்கும் கை யாருடையது, குவித்து அளப்பதா வழித்து அளப்பதா, விதைநெல்லும் வட்டியும் கழிவது எந்தக் குவியலிலிருந்து என்பவற்றிலேயே ஆறு மாத உழைப்பின் கதி அடங்கியிருந்தது. 1958 ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக்கு உச்சவரம்பு விதித்ததும், குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க முயன்றதும் இந்தக் களவெட்டி அநீதியை மனத்திற் கொண்டே.

எனினும் களவெட்டி அளவைக்கு ஒரு நற்பண்பு இருந்தது. அது எல்லோர் கண்முன்னும் நடந்தது. “இலாபம், இரண்டு, மூன்று” என உரத்த குரலில் எண்ணினார்கள். வஞ்சனை நடந்தாலும் அது கண்ணுக்குத் தெரிந்த வஞ்சனை. அதை எதிர்த்துப் பேசத் துணிவில்லாத ஏழைக்கும் அது தெரிந்தே இருந்தது.

பிரான்சிய நாட்டிலும் அவ்வாறே. 1789 ஆம் ஆண்டில், புரட்சிக்கு முற்பட்ட மாதங்களில், கிராமந்தோறும் மக்கள் தம் குறைகளை எழுதி அரச சபைக்கு அனுப்பியபோது, மீண்டும் மீண்டும் எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று நாடெங்கும் ஒரே நிறையும் ஒரே அளவையும் வேண்டும் என்பது. நிலப்பிரபு தன் தானிய அளவையைத் தன் விருப்பப்படி பெருப்பித்துக் கொண்டதை அவர்கள் தம் கண்ணாற் கண்டிருந்தார்கள். 1795 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற மீற்றர் முறை விஞ்ஞானிகளின் ஆக்கம் மட்டுமன்று. கலப்பை பிடித்த மக்களின் கோரிக்கையும் அதன் பின்னால் இருந்தது.

மின்சாரமோ நெல்லைப் போன்ற பண்டமன்று. அதைக் கையில் எடுத்துப் பார்க்கவோ, குவியலாகக் குவித்து வைக்கவோ இயலாது. உற்பத்தியான கணத்திலேயே நுகரப்பட்டு மறைந்துவிடுகிறது. கண்ணுக்குப் புலனாகாத பண்டம் ஒன்றை விற்க முற்பட்ட முதலாளித்துவம், அதற்கென ஓர் அளவையைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

சாடியும் நாகத் தகடும்

1882 செப்டெம்பர் 4 ஆம் திகதி நியூயோர்க் நகரின் பேர்ள் வீதியில் எடிசனின் மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் முதல் வாடிக்கையாளர்கள் வங்கிகளும் பத்திரிகை அலுவலகங்களும் வர்த்தக நிலையங்களுமே. அவர்கள் எவ்வளவு மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதை அறிய எடிசன் அமைத்த கருவி ஓர் இரசாயன மானி. கண்ணாடிச் சாடியொன்றில் நாக சல்பேற்றுக் கரைசல். அதனுள் இரண்டு நாகத் தகடுகள். வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தின் ஒரு சிறு பங்கு இச்சாடியினூடே செலுத்தப்பட்டது. மின்னோட்டம் பாயப் பாய ஒரு தகட்டிலிருந்து நாகம் கரைந்து மற்றைய தகட்டில் படியும். மாத முடிவில் கம்பனியின் ஊழியர் வந்து தகடுகளைக் கழற்றிச் சென்று, தராசிலிட்டு நிறுத்து, நிறை மாறிய அளவுக்கேற்பப் பட்டியல் அனுப்புவார். குளிர்காலத்திற் கரைசல் உறைந்து போகாதிருக்க, பெட்டிக்குள்ளேயே ஒரு விளக்கை எரியவைத்தார்கள்.

இம்மானியில் முள்ளும் இல்லை, இலக்கமும் இல்லை. வாடிக்கையாளர் அதை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. அளத்தல், நிறுத்தல், கணித்தல் யாவும் விற்பவனின் அறைக்குள்ளேயே நடந்தன. பெரும் வங்கியாளரான ஜே. பி. மோர்கன் இவ்வளவையில் ஐயங்கொண்ட கதையை எடிசனே பின்னாளிற் சொல்லியிருக்கிறார். மோர்கனின் அலுவலகத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் அட்டை வைக்கப்பட்டது; அது எரிந்த நேரத்தை ஊழியர்கள் அதிற் குறித்தார்கள். மாத முடிவிற் கூட்டிப் பார்த்தால் மானியின் கணக்கு அதிகம். பின்னர் விசாரித்தபோது, இரவில் துப்புரவு செய்ய வந்த தொழிலாளி ஏற்றிய விளக்குகளின் நேரம் எந்த அட்டையிலும் குறிக்கப்படவில்லை என்பது தெரியவந்தது. அதையும் சேர்த்தபோது கணக்கு ஏறக்குறையச் சரியாயிற்று.

இது மானியின் நேர்மையைக் காட்டும் கதையாகவே சொல்லப்பட்டு வந்தது. நாம் அதில் வேறொன்றையும் காண்கிறோம். அளவையைச் சரிபார்க்கும் வாய்ப்பு, அட்டையெழுத ஊழியர்களை வைத்திருந்த வங்கியாளனுக்கே கிடைத்தது. மற்றையோர் பட்டியலை நம்பிப் பணம் கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இரவெல்லாம் தரை துடைத்த தொழிலாளியின் உழைப்பும் மானியிற் பதிந்தது. கணக்கு அட்டையிற் பதியவில்லை.

சுழலும் தட்டு

அடுத்த பத்தாண்டுகளில் மானியின் முகம் சிறிது சிறிதாகத் திறந்தது. பேர்லினில் ஹேர்மன் ஆரோன் ஊசற் கடிகாரத்தை அடிப்படையாகக் கொண்ட மானியை அமைத்தார். அமெரிக்காவில் எலிஹு தொம்சன் 1889 இல் சிறு மோட்டார் போன்று சுழலும் மானியை ஆக்கினார். அதே ஆண்டில் புடாபெஸ்ற் நகரின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஒற்றோ பிளாத்தி என்னும் பொறியியலாளர், ஆடலோட்ட மின்சாரத்துக்குரிய தூண்டல் மானிக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்னர், சுழலும் காந்தப் புலத்தின் தத்துவத்தை 1885 இல் விளக்கிக் காட்டியவர் இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ பெராரிஸ். அவர் அதற்குக் காப்புரிமை பெற முற்படவில்லை. விஞ்ஞானம் உலகத்துக்குப் பொதுவாகக் கொடுத்ததைக் கம்பனிகள் தத்தம் முத்திரையிட்டு விற்றன.

பிளாத்தியின் முதல் மானி 23 கிலோகிராம் நிறையுடையதாயிருந்தது. 1914 அளவில் அது 2.6 கிலோகிராமாகக் குறைந்தது. நமது வீடுகளில் பல்லாண்டுகளாகச் சுழன்ற மானிகள் அதன் வழித்தோன்றல்களே. அதன் தத்துவம் எளியது. ஒரு சுருள் மின்னழுத்தத்தை உணர்கிறது. மற்றொரு சுருள் வீட்டுக்குள் செல்லும் ஓட்டத்தை உணர்கிறது. இரண்டும் சேர்ந்து அலுமினியத் தட்டிற் சுழியோட்டங்களைத் தூண்ட, தட்டு சுழல்கிறது. நிலைக்காந்தம் ஒன்று அதற்குத் தடை போடுகிறது. இதனால் தட்டின் வேகம் வீட்டில் அக்கணம் செலவாகும் வலுவுக்கு நேர்விகிதமாக அமைகிறது. சுற்றுகளைப் பற்சில்லுகள் எண்ணி இலக்கங்களாகக் காட்டுகின்றன. ஆயிரம் வாற்று வலு ஒரு மணித்தியாலம் செலவானால் ஓர் அலகு. இதையே மக்கள் ‘யூனிற்’ என்கிறார்கள்.

நாகத் தகட்டை விட இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. இலக்கம் இப்போது வீட்டாரின் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் இலக்கம் தெரிந்தால் போதுமா? அதன் பொருளும் விலையும் தெரிய வேண்டாமா? விலையை வகுக்கும் கலை தனியே வளர்ந்தது. இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில் ஆதர் றைற், ஒரு வாடிக்கையாளர் ஒரே வேளையிற் கேட்கும் உச்ச அளவைக் காட்டும் கருவியை அமைத்தார். எடிசனின் முன்னாட் செயலாளரான சாமுவேல் இன்சல் 1894 இல் அதைக் கண்டு, சிக்காகோவில் தமது கம்பனிக்குக் கைக்கொண்டார். நிலையான கட்டணம் ஒன்று, செலவழித்த அலகுக்குக் கட்டணம் வேறு என்னும் இருகூற்றுக் கட்டணமுறை பரவலாயிற்று.

வறியோரிடம் மின்சாரத்துக்கு முன்னரே எரிவாயு சென்றது. அக்காலத்து இலண்டனில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காகக் காசு போட்டால் இயங்கும் எரிவாயு மானிகள் வந்தன. துவாரத்தில் ஒரு பென்னியைப் போட்டால் ஒரு பென்னிக்குரிய வாயு. அது முடிந்ததும் அடுப்பு அணையும். கடனுக்கு இடமில்லை, பட்டியலும் இல்லை. ஆனால் மானியின் வாடகையும் அடங்கிய விலை என்பதால், ஏழை தன் எரிவாயுவுக்குப் பணக்காரனை விட அதிகம் கொடுத்தான். பசியாலும் குளிராலும் தானே தன் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும்படி வறியவனைப் பழக்குகின்ற கருவி அன்றே பிறந்துவிட்டது.

இலங்கையில் ஒளி சென்ற பாதை

இங்ஙனம் உருவாகிய மானி ஏகாதிபத்திய வர்த்தகத்தோடு இலங்கைக்கு வந்தது. 1895 இல் கொழும்புக் கோட்டையில் பிறிஸ்ரல் கட்டடத்தில் பௌஸ்ரெட் சகோதரர் கம்பனி ஒரு சிறு மின்னிலையத்தை நிறுவியது. ஒளி முதலிற் சென்ற இடம் துறைமுகத்தை அடுத்த வர்த்தக வட்டாரம். டிராம் வண்டிகளும் அந்நிறுவனத்தின் கையிலேயே இருந்தன. 1929 இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் டிராம் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் நமது தொழிற்சங்க சரித்திரத்தின் முக்கிய அத்தியாயங்களுள் ஒன்று. மின்சாரம் இந்நாட்டில் முதலில் இலாபமாகவும், உடனடுத்துப் போராட்டமாகவும் அறிமுகமாயிற்று எனலாம்.

1918 ஆம் ஆண்டில் டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் இலங்கைப் பொறியியலாளர், மலைநாட்டு ஆறுகளிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் பெறலாம் என்று தமது ஆய்வுரையில் எடுத்துக்காட்டினார். இலக்சபானா நீர்மின்னிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950 இல்தான். முப்பத்திரண்டு ஆண்டுகள் அத்திட்டம் கோப்புகளிலும் அரைகுறை வேலைகளிலும் கிடந்தது. அந்த மலைகளில் தேயிலை பறித்த தோட்டத் தொழிலாளர், 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்தார்கள். அவர்களது லயன் அறைகளில் அதன் பின்னரும் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. உயரழுத்தக் கம்பிகள் அவற்றின் மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன.

கிழக்கிலும் மின்சாரம் பிறந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் அணையும் அதனோடு ஒரு நீர்மின்னிலையமும் எழுந்தன. அபிவிருத்தியின் அடையாளமாகப் போற்றப்பட்ட அதே பள்ளத்தாக்கிற்றான் 1956 ஜூனில் தமிழ் மக்கள் மீது வன்செயல் கட்டவிழ்த்து விடப்பட்டது. மின்சாரம் வந்த இடமெல்லாம் மனித சமத்துவமும் தானே வந்துவிடும் என நம்பியிருந்தோருக்கு அது கசப்பான பாடம்.

1969 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை மின்சார சபை தோன்றியது. மின்சாரம் பொதுமக்களின் உடைமை என்னும் கொள்கை நிலைபெற்றது. எனினும் 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நாட்டின் வீடுகளில் நூற்றுக்குப் பதினைந்து அளவிலேயே மின்னொளி இருந்தது. மட்டக்களப்புப் பிரதேசத்திலோ அதற்கிடையில் 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி வீசி, தென்னைகளையும் மின்கம்பங்களையும் ஒருங்கே சாய்த்திருந்தது. பின்னர் போர் வந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையின் பல கிராமங்கள், 2007 இல் கிழக்கிற் போர் ஓயும் வரையில், வாவிக்கு அப்பால் எரியும் விளக்குகளைத் தூரத்தில் நின்று பார்த்தன. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையின் கடலோர ஊர்களைத் தாக்கியபோது பெரியகல்லாறும் தப்பவில்லை.

அந்தப் போர்க்காலத்தில், 1990களில், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்த ஜாம் போத்தலில் விளக்குச் செய்தார்கள். ஒரு வாற்று மின்சாரத்துக்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதைத் தன் தோளால் அளந்தறிந்த தலைமுறை அது. எந்த மானியும் அவ்வளவு தெளிவாக அளந்து காட்டியதில்லை.

இன்று நாட்டின் வீடுகள் ஏறத்தாழ யாவற்றுக்கும் கம்பி சென்றுவிட்டது. கம்பி இழுப்பதற்கான போராட்டம் பெரும்பாலும் முடிந்தது. கட்டணத்துக்கான போராட்டம் தொடங்கியிருக்கிறது.

அறுபத்தோராவது அலகு

நமது வீட்டு மின்கட்டணம் படிமுறைப்பட்டது. குறைவாகச் செலவழிப்போருக்குக் குறைந்த விலை, அதிகம் செலவழிப்போருக்கு உயர்ந்த விலை. கொள்கையளவில் இது நியாயமானதே. ஆனால் அதன் உள்ளமைப்பை ஆராய்ந்தால் வியப்பான செய்தி ஒன்று புலப்படும்.

2014 செப்டெம்பரிலிருந்து 2022 ஆகஸ்ற் வரை நடைமுறையிலிருந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 60 அலகு செலவழித்த குடும்பம், முதல் 30 அலகுக்கு 2.50 ரூபா வீதமும் அடுத்த 30 அலகுக்கு 4.85 ரூபா வீதமும் செலுத்தி, நிலையான கட்டணம் 60 ரூபாவையும் சேர்த்து மொத்தம் 280.50 ரூபா கட்டியது. அதே குடும்பம் 61 அலகு செலவழித்திருந்தால்? முதல் 60 அலகுக்கும் விலை 7.85 ரூபாவாக மாறிவிடும். அறுபத்தோராவது அலகுக்கு 10 ரூபா. நிலையான கட்டணம் 90 ரூபா. மொத்தம் 571 ரூபா. ஒரேயோர் அலகு, அதாவது ஓர் இஸ்திரிக்கைப் பெட்டி ஒரு மணித்தியாலம் சூடேறும் அளவு மின்சாரம், பட்டியலை இரு மடங்குக்கு மேல் உயர்த்திவிட்டது. இந்த எல்லைக்கோட்டை மானி காட்டுவதில்லை. அதில் தெரிவது கணக்கற்ற காலமாக ஏறிவந்த ஒரு மொத்த இலக்கம் மட்டுமே. கடந்த மாத இலக்கத்தைக் கழித்துப் பார்த்தவருக்குத்தான் தாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும்.

பின்னர் 2022 ஆம் ஆண்டு நெருக்கடி வந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரையில் மின்வெட்டு நிலவியது. ஆட்சியாளர் செய்த பிழைகளுக்கான விலை மானியினூடாக மக்களிடம் வசூலிக்கப்பட்டது. 2023 பெப்ரவரியில் வந்த கட்டணத்தின்படி, மாதம் 30 அலகு மட்டுமே செலவழிக்கும் மிக வறிய குடும்பம் 1,300 ரூபா கட்ட வேண்டியதாயிற்று. பழைய கட்டணத்தில் அது கட்டியது 105 ரூபா. பன்னிரண்டு மடங்குக்கு மேல்! அதே வேளையில், மாதம் 180 அலகுக்கு மேற்பட்ட செலவினருக்கு மேலதிக அலகின் விலை 45 ரூபாவிலிருந்து 75 ரூபாவாகவே உயர்ந்தது. அடியில் இருப்பவர் மீதே அடி கனமாக விழுந்தது. அவ்வாண்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டமை பாராளுமன்றக் குழுவொன்றில் வெளிப்பட்டது. பின்னர் கட்டணங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன; மீண்டும் சிறிது கூட்டப்பட்டன. ஆனால் அந்த மாதங்களில் இருளிற் படித்த பிள்ளைக்கு அக்காலத்தைத் திருப்பிக் கொடுப்பார் யார்?

மட்டக்களப்பின் குடும்ப அமைப்பு இதில் இன்னொரு சிக்கலையும் சேர்க்கிறது. இங்கு வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது. மகள் மணமுடித்தால் மருமகன் பெண் வீட்டுக்கு வருவான். பெற்றோர் அதே வளவில் வேறொரு சிறு வீடு கட்டிக்கொள்வர். புதிய இணைப்புக்குப் பணம் சேரும் வரை பழைய வீட்டு மானியிலிருந்தே ஒரு கம்பி இழுக்கப்படுவதுண்டு. அடுப்பு இரண்டு, மானி ஒன்று. தனித்தனியே 40 அலகு செலவழிக்கும் இரண்டு ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து 80 அலகு செலவழிக்கும் ஒரு ‘வசதியான’ குடும்பமாகப் பட்டியலில் மாறிவிடுகின்றன. மானி அலகை எண்ணும். அந்த வளவில் உண்ணும் வாய்களை எண்ணாது.

2016 இல் தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டத்தின் மானியோ இரு திசையிலும் எண்ணுகிறது. கூரையிற் பிறக்கும் மின்சாரத்தை வாங்கிய மின்சாரத்தோடு நேர்செய்கிறது. நல்ல திட்டமே. ஆனால் தகடு பொருத்த முதல் உள்ளவருக்கே மானி திரும்பிச் சுழன்றது.

கண்காணிக்கும் கருவி யாருடையது?

வீட்டின் மின்செலவைக் கணந்தோறும் காட்டும் கருவிகள் இன்று விற்பனைக்கு உள்ளன. மானிக்கு அருகிற் செல்லும் கம்பியை ஒரு கவ்வியாற் பற்றி ஓட்டத்தை உணர்பவை சில. மானியின் மினுங்கும் ஒளியை ஒளியுணரியால் எண்ணுபவை சில. அவை பயனற்றவை என நாம் கூறவில்லை. 1970களின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் ருவின் றிவேர்ஸ் என்னும் குடியிருப்பிற் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். வீட்டார்க்கு அவர்களது மின்செலவை அன்றாடம் தெரிவித்தார்கள். 1977 இல் வெளியான முடிவின்படி, அவ்வீடுகளிற் செலவு 10.5 வீதம் குறைந்தது. புதிய இயந்திரமோ தண்டனையோ தேவைப்படவில்லை. அளவை அளக்கப்பட்டவரிடம் திருப்பிக் கொடுத்ததே போதுமாயிற்று.

ஆனால் இக்கருவிக்கு இரண்டு முகங்கள் உண்டு. 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹாட், வீட்டுக்கு வரும் ஒரேயொரு கம்பியை மட்டும் அளந்து, உள்ளே எந்த நேரத்தில் எந்தச் சாதனம் இயங்குகிறது என்பதைப் பிரித்தறியும் முறையை வகுத்தார். குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு தடம், நீர்ப்பம்பிக்கு ஒரு தடம். அவரே 1989 இல், இம்முறை மக்களை வேவு பார்க்கவும் பயன்படலாம் என எச்சரித்து ஒரு கட்டுரை எழுதினார். வீட்டார் எப்போது உறங்குகின்றனர், எப்போது வெளியே செல்கின்றனர், எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதையெல்லாம் மின்னோட்டத்திலிருந்தே ஊகிக்கலாம். சோதனைச் சாவடிகளையும் வீடு வீடாக நடந்த சுற்றிவளைப்புகளையும் கண்ட நமது கிழக்கு மக்களுக்கு இந்த எச்சரிக்கையின் கனத்தை விளக்கவும் வேண்டுமோ? ஒல்லாந்து நாட்டில், தொலைவிலிருந்தே வாசிக்கப்படும் ‘ஸ்மார்ட்’ மானியைக் கட்டாயமாக்கும் மசோதாவை அந்நாட்டுச் செனற் சபை 2009 இல், குடும்பத்தின் அந்தரங்க உரிமையைக் காரணங்காட்டி, ஏற்க மறுத்தது.

இந்தியாவில் 2021 இல் ஒன்றிய அரசு அங்கீகரித்த மின்விநியோகத் திட்டம், 25 கோடி முற்பணமானிகளை இலக்காகக் கொண்டது. முதலிற் பணம், பின்னர் மின்சாரம். பணம் தீர்ந்ததும் தொலைவிலிருந்தே துண்டிப்பு. விவசாயிகள் அமைப்புகளும் மின்வாரியத் தொழிலாளர் சங்கங்களும் அதை எதிர்த்துக் குரல் எழுப்பின. தென்னாபிரிக்காவின் சொவெற்றோவில், நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின்னரும் கட்டணச் சுமையாலும் துண்டிப்பாலும் வாடிய மக்கள், 2000 ஆம் ஆண்டில் மின்சார நெருக்கடிக் குழுவை அமைத்து, துண்டிக்கப்பட்ட இணைப்புகளைத் தாமே மீளப் பொருத்தினார்கள். இலண்டன் தொழிலாளியின் பென்னித் துவாரம் நூறாண்டுகளின் பின் இலக்கமுறை உடையணிந்து வந்திருப்பதையே அங்கெல்லாம் காண்கிறோம். நமது நாட்டிலும் 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம், மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கு வழி வகுத்தது. நாளைய மானியை யார் வாங்குவர், அது சேர்க்கும் செய்தி யாருக்குச் சொந்தமாகும் என்பவை இன்றே கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

கரும்பலகையில் ஒரு கணக்கு

விலைகொடுத்து வாங்கும் கருவி இல்லாமலே கண்காணிப்பைத் தொடங்கலாம். சுவரில் உள்ள மானியே அதற்குப் போதும். இலத்திரனியல் மானியில் ஒரு சிவப்பொளி மினுங்கும். ஓர் அலகுக்கு எத்தனை மினுக்கம் என்பது மானியின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 1000 ஆயின், 36 செக்கனில் எத்தனை மினுக்கம் என எண்ணி நூறாற் பெருக்கினால், வீடு அக்கணம் செலவழிக்கும் வாற்று கிடைக்கும். பழைய சுழல்தட்டு மானியில் ஓர் அலகுக்கு 600 சுற்று என்றிருந்தால், ஒரு சுற்றுக்கு 60 செக்கன் எடுப்பின் செலவு 100 வாற்று. 6 செக்கன் எடுப்பின் 1000 வாற்று. ஒவ்வொரு சாதனமாக நிறுத்தி எண்ணினால் எது எவ்வளவு விழுங்குகிறது என்பது ஒரு மாலைப்பொழுதிலேயே தெரிந்துவிடும். 60 வாற்றுப் பழைய குமிழ் விளக்கு நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. 9 வாற்று எல்.ஈ.டி. விளக்காயின் ஒன்றரை அலகுக்கும் குறைவு. 70 வாற்று மின்விசிறி நாளுக்குப் பத்து மணித்தியாலம் சுழன்றால் 21 அலகு. இவை எட்டாம் வகுப்பு மாணவர் செய்யக்கூடிய கணக்குகள்.

ஆசிரிய நண்பர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுத வேண்டும் என்று வேண்டுகிறோம். பாடநூலில் ‘வலு’, ‘சக்தி’ என்று மனனம் செய்யப்படும் சொற்கள், மாணவரின் வீட்டுச் சுவரிலேயே ஒவ்வொரு செக்கனும் மினுங்கிக்கொண்டிருக்கின்றன. பட்டியலில் முன்னைய வாசிப்பும் இன்றைய வாசிப்பும் திகதிகளும் உள்ளன. இரு வாசிப்புகளுக்கும் இடையே எத்தனை நாள், எத்தனை அலகு, எந்தப் படி, எவ்வளவு ரூபா என்பதை மாணவரே கணித்து, தாயாருக்கும் அயலாருக்கும் சொல்லட்டும்.

சிக்கனத்தை மட்டும் போதிக்க நாம் முற்படவில்லை. மாதம் 30 அலகில் வாழும் குடும்பத்துக்குச் சிக்கனம் கற்பிப்பது கேலிக்கூத்து. அக்குடும்பம் ஒவ்வோர் அலகையும் ஏற்கெனவே எண்ணியே வாழ்கிறது. கணக்கறிந்த மக்கள் கேட்க வேண்டிய கோரிக்கைகள் வேறு. ஓர் அலகு கூடியதற்காக முழுப் பட்டியலும் மேற்படிக்குத் தாவும் முறை நீக்கப்பட வேண்டும். ஒரே வளவில் வாழும் வறிய குடும்பங்களுக்குத் தனி இணைப்பு எளிய கட்டணத்தில் கிடைக்க வேண்டும். புதிய மானி எதுவாயினும், அது முதலில் வீட்டாருக்கு அவர்களது மொழியில், அம்மாதத்து அலகையும் அன்றுவரை சேர்ந்த ரூபாவையும் காட்ட வேண்டும். பட்டியலுக்குத் தேவையானதற்கு மேற்பட்ட செய்தி எதையும் வீட்டாரின் இணக்கமின்றி எடுக்கக் கூடாது. நோயாளரும் படிக்கும் பிள்ளைகளும் உள்ள வீட்டின் ஒளியை, தொலைவில் அமர்ந்திருக்கும் ஒருவர் ஒரு பொத்தானால் அணைத்துவிடும் அதிகாரம் யாருக்கும் இருக்கலாகாது.

களவெட்டியில் மரைக்காலை எண்ணியவன் உரத்து எண்ணக் கடமைப்பட்டிருந்தான். எதிரே நின்ற முல்லைக்காரனும் தன் மனத்துள் கூடவே எண்ணினான். நெற்காணிச் சட்டம் வரும் வரை அவன் எண்ணியது பயனற்றது என்று எவரும் சொல்ல முடியாது. அத்தகையோர் எண்ணி வைத்த கணக்கே பின்னர் அச்சட்டத்துக்கான நியாயமாயிற்று. இன்று மின்மானியின் முன்னின்று எண்ண வேண்டியவர்கள் நாமும் நம் மாணவர்களுமே. எண்ணத் தொடங்குவோம்.